கொலுவுக்கு ஒரு அழகிரி பஸ்

சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம் வீடுகளில், கொலுப் படிக்குப் பக்கத்தில் கடைத்தெரு, கல்யாண ஊர்வலம் என்று ஏதாவது காட்சி அமைப்பது வழக்கம். சிலர் பஸ் நிலையமும் வைக்கிறார்கள். அங்கேதான் சங்கடம். மூன்று அங்குலச் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், கடையில் வாங்கிய பஸ் அவர் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். பொம்மைக் கடைப் பஸ்கள் எந்த அளவு விகிதத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நாமே செய்துகொள்வதுதான் வழி.

எந்த பஸ்ஸைச் செய்வது? என்னைக் கேட்டால், நம்மில் பலரை வேலூரிலிருந்து காட்பாடி வழியாக இங்கே கொண்டுவந்து சேர்த்த பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகத்து பஸ்ஸைத்தான் சொல்வேன். 1997-இல் தமிழகப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அதோடு அந்தப் பெயரும் பஸ்ஸின் பக்கவாட்டிலிருந்து மறைந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் ஐரோப்பிய விமானங்களையும் கார்களையும் உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்கின்றன. அழகிரி பஸ்ஸை அப்படி யாரும் விற்பதில்லை. பழைய ஆல்பத்தில் ஒரு புகைப்படம் இருந்தால் அதுவே நமக்கு வரைபடம்.

அளவுக்கு வருவோம். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதர் இரண்டே முக்கால் அங்குலம் ஆவார். நம் மண் பொம்மைகளுக்கு ஏறக்குறைய சரி. எட்டரை அடி அகல பஸ் நாலேகால் அங்குலம்.

நீளத்தைப் புகைப்படத்திலிருந்தே எடுக்கலாம். பஸ்ஸில் நமக்கு நிச்சயமாகத் தெரிந்த அளவு டயர்தான். 10.00–20 என்று குறிக்கப்படும் டயரின் உயரம் சுமார் மூன்றரை அடி. பக்கவாட்டில் நேராக எடுத்த படத்தில் டயர் 7 மில்லிமீட்டரும் பஸ் 70 மில்லிமீட்டரும் இருந்தால், பஸ் பத்து டயர் நீளம், அதாவது 35 அடி. நம் கணக்கில் பதினேழரை அங்குலம். ஜன்னல், கதவு, படி எல்லாவற்றையும் இதே முறையில் அளந்துவிடலாம். சாய்வாக எடுத்த படம் மட்டும் ஏமாற்றும்.

இனி தகடு. பெயர்ப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் போம் ஷீட் சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் பருமன். 3 மில்லிமீட்டர் போம் ஷீட் உண்மை அளவில் 72 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்றங்குலச் சுவர்! பஸ்ஸின் வெளிச்சுவரோ மெல்லிய அலுமினியத் தகடு. ஆகவே தரைக்கும் டயருக்கும் போம் ஷீட். பக்கங்களுக்கு 1 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் தகடு. அதன்மேல் ஒட்டும் மேல்தோலுக்கு அரை மில்லிமீட்டர். மேல்தோலின் பின்புறம் ஊசியால் வரிசையாக அழுத்தினால் முன்புறம் ரிவெட் தலைகள் எழும்பும். பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். ஒன்றை மறக்கவேண்டாம்: இரண்டு பக்கச் சுவர்களின் பருமனையும் கழித்துக்கொண்டுதான் தரையை வெட்டவேண்டும்.

பாலிஸ்டைரீனை ஒரேயடியாக அறுக்க வேண்டியதில்லை. ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் கட்டரால் இரண்டு மூன்று முறை லேசாகக் கீறி, கீறல் மேற்புறம் இருக்கும்படி பிடித்து மடக்கினால் நேராக முறியும். ஜன்னல்களுக்கு, நான்கு மூலையிலும் முதலில் சிறு துளை போட்டுவிட்டுப் பிறகு பக்கங்களைக் கீறி எடுங்கள், விரிசல் ஓடாது.

இதற்கான பசை மற்றப் பசைகளைப் போன்றதல்ல. பாலிஸ்டைரீனுக்கென்று விற்கும் திரவம் இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகையால் ஒரு சொட்டுத் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடும். அதன் ஆவி நல்லதல்ல. ஜன்னலைத் திறந்துவைத்துப் பெரியவர்களே இந்த வேலையைச் செய்யட்டும். விளக்கு, அடுப்புப் பக்கத்தில் கூடாது. போம் ஷீட் பி.வி.சி. வகை என்பதால் இந்தப் பசை எல்லாச் சமயமும் பிடிக்காது. அதற்கு உடனடிப் பசை போடலாம். மீந்த துண்டுகளைக் கொளுத்திவிடாதீர்கள், அரிக்கும் அமிலப் புகை வரும்.

டயருக்கு 44 மில்லிமீட்டர் வட்டங்களை 5 மில்லிமீட்டர் போம் ஷீட்டில் வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டுங்கள். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர் உண்டு. முன் சக்கரத்தின் நடுப்பகுதி வெளியே புடைத்தும், பின் சக்கரத்தில் உள்ளே குழிந்தும் இருக்கும். பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை. கவனித்துச் செய்த பஸ் தனியாகத் தெரியும். ஜன்னல் கம்பிகளுக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பி, முக்கால் அங்குலக் கம்பிக்குச் சமம். முன் கண்ணாடிக்குப் பழைய சி.டி. உறையின் தெளிந்த பிளாஸ்டிக்கை வெட்டிக்கொள்ளலாம். அதை மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையால் ஒட்டவும். உடனடிப் பசை கண்ணாடியில் வெண்படலம் பூசிவிடும்.

திருமலையும் அமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1944-இல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு. 1974-இல் வந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கு. ஒரே பாதையில் பஸ்களை எதிரெதிரே விடவேண்டாம். மலை பஸ்கள் நீளம் குறைந்தவை. அவற்றை அடிக்குக் கால் அங்குலமாகச் செய்தால் தூரத்தில் போவதுபோல் தோன்றும்.

வர்ணத்துக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் போதும், தின்னர் கலந்தது தகட்டைக் கரைத்துவிடும். கடைசியாகப் பலகை. அசலில் ஆறு அங்குல எழுத்து இங்கே கால் அங்குலம். ‘வேலூர் – காட்பாடி – சித்தூர் – திருப்பதி’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதவேண்டும். தெலுங்கை வீட்டுப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். தமிழையும் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ழ’னாவுக்கு மட்டும் பாட்டி பக்கத்தில் இருக்கட்டும்.