மலாயாவின் புலி எத்தனை பேர்?

தெலுக் பங்ளிமா காராங் வழியாக வந்து லங்காட் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் கேரி தீவு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனை. இடையிடையே தோட்டத்து லயங்கள், கோயில், தமிழ்ப்பள்ளி. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இந்த மண்ணை எடுத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், பெயர் மட்டும் தீவோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கும் முன்பிருந்தே இங்கே வாழ்கிற மா மெரி பழங்குடியினர், கம்போங் சுங்கை பும்புனில் மரச் சிற்பம் செதுக்குகிறார்கள். அவர்களுடைய சிற்பங்களில் பேர்போன ஒன்று ‘மோயாங் ஹரிமாவ் பெரந்தாய்’, அதாவது சங்கிலி பூண்ட புலி ஆவி.

‘மோயாங்’ என்றால் மா மெரி மக்களுக்கு மூதாதையர் ஆவி. ஆண்டுதோறும் ‘ஹரி மோயாங்’ நாளில் முகமூடி அணிந்து ஆடிப் படையல் வைப்பதும் இந்த ஆவிகளுக்குத்தான். முகமூடிக்கு எடையில்லாத பூலாய் மரம். சிலைக்கு அலையாத்திக் காட்டிலிருந்து வரும் ‘ஞிரே பத்து’. சிவந்த நிறம், வைரம் பாய்ந்த கட்டை. புலியைச் செதுக்குகிறவர் அதே கட்டையிலிருந்தே சங்கிலியையும் எடுக்க வேண்டும். ஒட்டு இல்லை, ஆணி இல்லை. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம் தளர்ந்து ஆடும்படி உள்ளே உளியைவிட்டுக் குடைந்து எடுக்கிறார்கள். கடைசி வளையம் உடைந்தால் அதுவரை செய்த வேலையெல்லாம் வீண். முன்காலத்தில் இத்தகைய உருவங்கள் விற்பனைக்குச் செய்யப்பட்டவை அல்ல. நோயாளியின் உடம்பிலிருக்கும் கெட்ட ஆவியை மந்திரவாதி மர உருவத்துக்குள் இறக்கி, உருவத்தைக் கொண்டுபோய் எறிந்துவிடுவது வைத்தியத்தில் ஒரு முறை.

அடக்கி வைக்க வேண்டிய ஆவியாகத்தான் புலியை இந்தத் தீவின் மக்கள் பார்த்திருக்கிறார்கள். ஆற்றின் மறுகரையில் புலி என்பது ஒரு பட்டம். அதை ஆளாளுக்குச் சூட்டிக்கொண்டார்கள், சூட்டிவிட்டார்கள்.

புலிப் பட்டம் நமக்கொன்றும் புதிதில்லை. மைசூர்ப் புலி திப்பு சுல்தானைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். 1932இல் சங்கீத கலாநிதி விருது வாங்கிய டைகர் வரதாச்சாரியாரை யாரும் வெறும் வரதாச்சாரியார் என்று சொல்வதில்லை. இருபத்தோரு வயதில் இந்தியக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை ஏற்ற மன்சூர் அலி கான் பட்டோடியும் டைகர்தான். 2023இல் ‘ஜெயிலர்’ படத்தில் ரஜினிகாந்த் ஏற்ற முத்துவேல் பாண்டியனுக்கும் அதே பெயர், அதற்கொரு பாட்டும் போட்டாயிற்று. இவையெல்லாம் பொதுப் புலிகள். ‘மலாயாவின் புலி’ என்று ஊர் சேர்த்துச் சொல்லும்போது வட்டம் சுருங்குகிறது. அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

வயதில் மூத்த புலி ஒரு கற்பனைப் பாத்திரம். இத்தாலியின் வெரோனா நகரத்து எமிலியோ சல்காரி 1883–84இல் உள்ளூர் செய்தித்தாளில் ஒரு தொடர்கதை எழுதினார். தலைப்பே ‘மலேசியாவின் புலி’. நாயகன் சந்தோகான், ராஜ்யத்தை வெள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்த போர்னியோ இளவரசன். மொம்பிராசெம் என்ற தீவைக் கோட்டையாக்கிக்கொண்டு கடற்கொள்ளையனாகி, ஆங்கிலேயரையும் சரவாக்கின் வெள்ளை ராஜா ஜேம்ஸ் புரூக்கையும் அலைக்கழிக்கிறான். மலேசியா என்ற நாடு 1963 செப்டம்பர் 16இல்தான் பிறந்தது. அதற்கு எண்பது ஆண்டு முன்பே அதற்கொரு புலி தயார்! அக்காலத்தில் ஐரோப்பியர்கள் இந்தத் தீவுக்கூட்டம் முழுவதையும் அந்தப் பெயரால்தான் குறித்தார்கள் என்பது விவரம்.

சல்காரி தன்னைக் கப்பல் கேப்டன் என்று சொல்லிக்கொண்டவர். உண்மையில் ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டியதில்லை. போர்னியோவின் காடும் கடலும் அவருக்குப் புத்தகங்களிலிருந்து கிடைத்தவை. கதைகள் ஏராளமாக விற்றன, பணம் பதிப்பாளர்களுக்குப் போனது. கடனிலும் குடும்பத் துயரத்திலும் நொந்து 1911இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். சந்தோகான் மட்டும் சாகவில்லை. 1976இல் இத்தாலியத் தொலைக்காட்சி அவன் கதையைத் தொடராக எடுத்தபோது கதாநாயகன் வேடம் இந்திய நடிகர் கபீர் பேடிக்குப் போனது. இத்தாலியன் எழுதிய போர்னியோ புலிக்கு ஓர் இந்தியர் முகம் கொடுத்தார். படப்பிடிப்பு மலேசியாவிலும் நடந்தது. கபீர் பேடியின் பெயரை இத்தாலியில் ஒரு தலைமுறையே இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் மலேசியாவில் சந்தோகானைத் தெரிந்தவர்கள் குறைவு.

இரண்டாவது புலியைத் தெரியாதவர் இங்கே இல்லை. நம் பெரியவர்கள் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொல்கிறார்களே, அதைத் தொடக்கி வைத்தவர். ஜெனரல் தொமொயுகி யமாஷிதாவின் 25ஆவது படை 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. பத்து வாரக் கதை. சிப்பாய்கள் சைக்கிளில் வந்தார்கள். டயர் வெடித்தால் ஒட்டுப்போட நிற்காமல் வெறும் ரிம்மிலேயே மிதித்தார்கள். தார்ச்சாலையில் அந்த இரும்புச் சத்தத்தை இரவில் கேட்டு, டாங்கி வருகிறதென்று எதிர்த்தரப்பு நடுங்கியதாகச் சொல்வார்கள். சிங்கப்பூரில் அவர் கையில் இருந்தது சுமார் முப்பதாயிரம் பேர், எதிரே இருந்தது இரண்டு மடங்குக்கும் மேல். பீரங்கிக் குண்டும் தீரும் நிலை. அதை வெளிக்காட்டாமல், புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவலிடம் ‘சரணா, இல்லையா’ என்று மேசையில் மிரட்டியே காரியத்தை முடித்துவிட்டார்.

இந்த வெற்றிக்குத்தான் ‘மலாயாவின் புலி’ என்ற பட்டம். அது அவருக்கு உவப்பாக இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். புலி பதுங்கியிருந்து பாய்கிற பிராணி, தான் நேருக்கு நேர் நின்று போரிடுகிறவன் என்பது அவர் வாதமாம். சிங்கப்பூர் விழுந்த சில வாரங்களில் அவர் தலைமையின்கீழ் சீன ஆண்கள் ஆயிரக்கணக்கில் பொறுக்கியெடுத்துக் கொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால், அந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. 1942 ஜூலையில் அவரை மஞ்சூரியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் பிடித்துக் கொடுத்த நாட்டின் தோட்டங்களிலிருந்துதான், அடுத்தடுத்த மாதங்களில் தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி, 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை போட அனுப்பினார்கள். போனவர்களில் பெரும் பகுதியினர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கேயே மடிந்தார்கள். யமாஷிதாவைத் தூக்கிலிட்டது வேறொரு குற்றத்துக்காக. மணிலாவில் அவர் படை நடத்திய கொலைகளுக்குத் தளபதியே பொறுப்பு என்று தீர்ப்பாகி, 1946 பிப்ரவரி 23இல் பிலிப்பைன்ஸில் தண்டனை நிறைவேறியது. கீழே இருப்பவன் செய்த கொடுமைக்கு மேலே இருப்பவனும் பதில் சொல்ல வேண்டும் என்று போர்ச் சட்டத்தில் வாதிடுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இந்த வழக்கைத்தான்.

அதே போரில், அதே ஜப்பான் தரப்பில், அதே பட்டத்தோடு இன்னொருவன் இருந்தான். முன்சொன்ன எல்லாரையும்விட இவன் கதைதான் விசித்திரம்.

தானி யுதாகா, 1911இல் ஃபுகுவோகாவில் பிறந்தவன். கோலத் திரங்கானுவில் அவனுடைய குடும்பம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தது. மலாய்ப் பையன்களோடு விளையாடி, மலாய் பேசி வளர்ந்தான். பின்னர் இஸ்லாத்தையும் தழுவினான். ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்ததும் மலாயாச் சீனர்களிடையே ஜப்பானியர்மீது கோபம் மூண்டது. 1933இல் ஒரு கும்பல் அந்தக் கடைக்குள் புகுந்தபோது அவனுடைய சின்னத் தங்கை கொல்லப்பட்டாள். அப்போது ஜப்பானில் இருந்த யுதாகா திரும்பி வந்தான். நியாயம் கிடைக்காத ஆத்திரத்தில் கூட்டம் சேர்த்துக்கொண்டு கொள்ளைக்காரனானான். கிளந்தான், திரங்கானு, தென் தாய்லாந்து எல்லைக் காடுகளில் அவனை ‘ஹரிமாவ்’ என்றார்கள்.

போர் நெருங்கியபோது ஜப்பானிய உளவுப் படையான ‘எஃப் கிக்கான்’ அவனைத் தேடிப்பிடித்தது. தலைவர் மேஜர் ஃபுஜிவாரா. இந்தப் பெயரைத் தமிழ் வாசகர்கள் வேறோர் இடத்தில் கேட்டிருக்கலாம். பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து சரணடைந்த சிப்பாய்களைத் திரட்டி, கேப்டன் மோகன் சிங்குடன் சேர்ந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு அடித்தளம் போட்டதும் இதே ஃபுஜிவாராதான். கொள்ளைக்காரப் புலிக்கும் நம் ஐஎன்ஏவுக்கும் ஒரே வாசல்! யுதாகாவுக்குக் கொடுத்த வேலை, பிரிட்டிஷார் பின்வாங்கும்போது பாலங்களைத் தகர்க்காமல் தடுப்பது, தகவல் சேகரிப்பது. காட்டில் மலேரியா பிடித்தது. 1942 மார்ச் 17இல் சிங்கப்பூர் மருத்துவமனையில் முப்பது வயதில் இறந்தான்.

இறந்த பிறகுதான் அவன் பெரிய ஆளானான். செய்தித்தாள்கள் அவனைத் தேசத் தியாகியாக்கின. 1943இல் வந்த திரைப்படத்தின் பெயர் ‘மலாயாவின் புலி’. ஜெனரலுக்குச் சூட்டிய அதே பட்டம்! 1960இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘ஹரிமாவ்’ தொடர் ஓடியது. அதில் வந்த வீரனுக்குத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. திரங்கானுவில் முடிவெட்டும் கடைக்குள் வளர்ந்த பையனுக்கும் இந்த வேடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தச் சிறுவனும் கேட்டிருக்கமாட்டான்.

இவர்களுக்குப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் பிறர். கேலியாகத் தானே எடுத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. பினாங்கு வழக்கறிஞர் கர்ப்பால் சிங், 1978இலிருந்து 1999வரை ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினர். மஇகா தலைவர் சாமிவேலுவோடு மக்களவையில் அவர் மோதாத கூட்டத்தொடர் இல்லை. கர்ப்பாலே பின்னாளில் சொன்ன கதைப்படி, சிங்கப் பட்டத்தைச் சாமிவேலுவுக்கு விட்டுக்கொடுத்துப் புலியைத் தான் எடுத்துக்கொண்டார். மலேசியக் காட்டில் சிங்கம் கிடையாதே என்பது அதிலிருந்த குத்தல். பேச்சுவாக்கில் வந்தது ‘ஜெலுத்தோங் புலி’யாக நிலைத்துவிட்டது. 1987இல் லாலாங் நடவடிக்கை என்ற கைது வேட்டையில் உள்ளே போனார், 2005இல் விபத்துக்குப்பின் சக்கர நாற்காலிக்கு வந்தார், 2014 ஏப்ரலில் பேராக் நெடுஞ்சாலையில் இறந்தார். கடைசிவரை அந்தப் பெயர் கூடவே வந்தது. இந்த வரிசையில் பட்டத்துக்குத் தகுதி யாருக்கு என்று கேட்டால், தயங்காமல் இவரைக் காட்டலாம். துப்பாக்கியோ கத்தியோ எடுக்காமல் சட்டப் புத்தகத்தோடு நின்றவர்.

தேசியக் கால்பந்து அணிக்கும் ‘ஹரிமாவ் மலாயா’ என்றுதான் பெயர். கே. ராஜகோபால் பயிற்சியாளராக இருந்த 2010 டிசம்பரில், புக்கிட் ஜாலில் அரங்கில் இந்தோனேசியாவை 3–0 என்று அடித்து, இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 4–2 கணக்கில் தென்கிழக்காசியக் கிண்ணத்தைத் தூக்கியது. பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களில் அன்றைக்குத் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒரே குரலில் கூப்பிட்ட புலி அது.

ஊரெல்லாம் புலி என்று கூவினாலும், காட்டோரத்து மலாய்க்காரர்கள் காட்டுக்குள் நுழைந்தால் அந்தச் சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள். ‘பாக் பெலாங்’, வரி போட்ட பெரியவர் என்பார்கள். பேர் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். இன்றைக்கு எத்தனை முறை கூப்பிட்டாலும் வருவதற்கு ஆள் குறைவு. 1950களில் தீபகற்பத்தில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 2016–2020இல் நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் 150க்கும் குறைவு என்று முடிந்தது. மனிதர்கள் புலியின் பெயரை எடுத்துக்கொண்டிருக்க, 2004இல் தனிக் கிளையினமாகப் பிரிக்கப்பட்ட மலாயாப் புலிக்கோ பீட்டர் ஜாக்சன் என்ற பாதுகாவலரின் பெயரால் ‘ஜாக்சோனி’ என்ற அறிவியல் பெயர் வந்து சேர்ந்தது.

புலியைக் கொல்வதில் முதலிடம் வேடன் கட்டும் கம்பிக் கண்ணிக்கு. 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டம் 10 லட்சம் ரிங்கிட்வரை அபராதமும் 15 ஆண்டுவரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. கெரிக் பக்கமோ குவா மூசாங் பக்கமோ பகாங்கின் தாமான் நெகாராவிலோ மலையேறப் போகிறவர்கள் காட்டுத்தரையில் கம்பி வளையம் எதையாவது கண்டால், கை வைக்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள்.