காத்திருப்போர் பட்டியலில் இல்லாத மலையக நோயாளிகள்

பாரிசவாதம் வந்த ஒருவர் உயிர் தப்பி வீடு திரும்பிய பின்னர், சட்டைப் பொத்தானைப் போடுவதற்கும் தேநீர்க் கோப்பையைப் பிடிப்பதற்கும் அவருக்கு மீண்டும் பழக்குவது யார்? தொழில்வழிச் சிகிச்சையாளர்தான். பெயரில் 'தொழில்' இருப்பதால் வேலை தேடித் தருபவர் என்று நினைப்போரும் உண்டு. பிசியோதெரபி சிகிச்சையாளர் கையின் பலத்தையும் அசைவையும் பார்க்கிறார். இவரோ அந்தக் கையால் அன்றாடம் என்ன செய்ய முடிகிறது என்பதைப் பார்க்கிறார். ஹட்டன் நகரில் கடை வைத்திருக்கும் முதியவருக்கு அது வுழூச் செய்வதாகவும் ஸுஜூதிலிருந்து எழுவதாகவும் இருக்கலாம். தோட்டத்துத் தாய்க்கோ, சரிவில் நின்று இரு விரல்களால் கொழுந்து கிள்ளுவதாக இருக்கும்.

இப்படிப்பட்ட சிகிச்சையாளர்கள் மலையகத்துக்கு எத்தனை பேர் தேவை? இதற்கு விடை காணும் ஆய்வு முறையிலேயே குறை இருக்கிறது.

பொதுவாக நாட்டின் சனத்தொகையைச் சிகிச்சையாளர்களின் எண்ணிக்கையால் வகுத்து ஒரு சராசரியைச் சொல்வார்கள். அந்தச் சராசரிக்குள் கொழும்பும் நுவரெலியாவும் ஒன்றாகிவிடுகின்றன. வைத்தியசாலைப் பதிவேட்டை வைத்துத் தேவையைக் கணிப்பது இதைவிடச் சிக்கலானது. சிகிச்சையாளர் இல்லாத இடத்தில் வைத்தியர் யாரிடம் அனுப்புவார்? அனுப்பாவிட்டால் காத்திருப்போர் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாவிட்டால் தேவையும் இல்லை என்று ஆளணி ஒதுக்கப்படாமல் போகிறது. இல்லாமையே இல்லாமைக்குச் சான்றாகிவிடும் விசித்திரம் இது.

உலக அளவிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. இத்துறையின் ஆளணி பற்றி வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற செல்வந்த நாடுகளுடையவை. அவற்றில் அதிகம் பேசப்படுவது ஊழியரின் திருப்தியும் வேலையில் நிலைத்திருப்பதும்தான். இவையும் முக்கியமே. ஆனால் தமிழ் பேசும் நோயாளியிடம் சிங்களம் மட்டும் தெரிந்த சிகிச்சையாளர் எப்படி வேலை செய்கிறார் என்ற கேள்வி அங்கே எழப்போவதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'புனர்வாழ்வு 2030' முயற்சியை ஆரம்பித்தது. புனர்வாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடியவர்கள் உலகில் சுமார் 240 கோடிப் பேர் என்று 2020இல் 'லான்செட்' சஞ்சிகை கணித்தது. இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் பார்த்தல், கேட்டல், நடத்தல், தன்னைத் தானே பராமரித்தல் ஆகியவற்றிலுள்ள சிரமங்கள் கேட்டறியப்பட்டன. நகரம், கிராமம், தோட்டம் எனத் துறைவாரியாகவும் தரவு திரட்டப்பட்டது. ஆக, பதிவேட்டுக்கு வெளியே தேவையைத் தேட ஒரு வழி ஏற்கனவே இருக்கிறது.

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த 150 கட்டில்களைக் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையையும், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வீடு செல்லும் பாரிசவாத நோயாளிகளை மூன்று மாதம் கழித்து அவர்களுடைய லயத்திலேயே சந்தித்தால் என்ன? குளிக்க, உடுக்க, சமைக்க முடிகிறதா, எவரேனும் சிகிச்சைக்கு அனுப்பினார்களா, பஸ் செலவு எவ்வளவு, அன்றைய நாட்சம்பளம் போனதா என்று கேட்கலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் வீடுகள் தெரியும். பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வுக்கும் இது பொருத்தமான தலைப்பு.

சிகிச்சையாளர் பக்கத்திலும் தலைகளை எண்ணினால் போதாது. அனுமதிக்கப்பட்ட பதவிகள், நிரப்பப்பட்டவை, இடமாற்றம் பெற்றுச் சென்றவை என்று மூன்றையும் தனித்தனியே பதிய வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் சுகாதாரத் துறையினர் பலர் வெளிநாடு சென்றுவிட்டதால் பழைய எண்ணிக்கை இன்றைக்கு உதவாது. வாரத்தில் ஒருநாள் மட்டும் வந்துபோகிறவரை முழு ஆளாக எண்ணுவதும் தவறு.

இன்னொன்று, அளவுகோல். கட்டிலில் இருந்து எழுவது, குளியலறைக்குப் போவது என்று மேலைநாட்டு வீட்டை மனதில் வைத்துக் கேள்விகள் எழுதப்பட்டிருக்கும். லயத்து அறையில் பாயிலிருந்து எழ வேண்டும். தண்ணீர்க் குடத்தோடு ஈரப்படிகளில் ஏற வேண்டும். மலசலகூடம் வெளியே இருக்கும். இவற்றைக் கேட்காத வினாக்கொத்தில், வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போன ஒருவரும் 'நலம்' என்றே பதிவாகிவிடுவார்.