நெற்பயிர் உயிரணுவில் ஹிஸ்டோன் தூது ஆர்.என்.ஏ: இறுதி அமைப்பும் நெறிப்படுத்தலும்

முன்னுரை

தஞ்சைப் பகுதியில் குறுவைக்கும் சம்பாவுக்கும் விதைநெல்லை ஊறவைத்து, மூட்டம் போட்டு, முளைகட்டி நாற்றங்காலில் விதைப்பர். முளைவிடும் வேர்நுனியில் உயிரணுக்கள் விரைந்து பகுப்படைகின்றன. பகுப்புக்கு முன் டி.என்.ஏ இரட்டிக்கும்போது, புதிய இழையைச் சுற்றிவைக்க ஹிஸ்டோன் புரதங்கள் ஈடான அளவில் தேவைப்படுகின்றன. அவை குறைந்தால் குரோமாட்டின் குலையும்; மிகுந்தால் உயிரணுவுக்கு நஞ்சாகும்.

விலங்கும் தாவரமும்

விலங்குகளில் டி.என்.ஏ இரட்டிப்பைச் சார்ந்த ஹிஸ்டோன் தூதுகளுக்குப் பொதுவாகப் பாலி-ஏ வால் இல்லை. அவற்றின் இறுதியில் ஆறு கார இணைகள் கொண்ட தண்டும் நான்கு நியூக்ளியோடைடு கொண்ட கண்ணியும் உள்ளன. தண்டு-கண்ணியை அதற்குரிய புரதம் பற்ற, யூ7 எனும் சிறு உட்கரு ஆர்.என்.ஏ-புரதக் கூட்டு வெட்டுக்கு வழிகாட்டுகிறது. இரட்டிப்பு முடிந்ததும் இறுதியில் யூரிடின்கள் சேர்க்கப்பட்டுத் தூது விரைவாகச் சிதைக்கப்படுகிறது.

தாவரங்களில் நிலை வேறு. மக்காச்சோளத்தின் எச்3, எச்4 தூதுகள் பாலி-ஏ வால் உடையவை என்பது 1988இல் வெளியிடப்பட்டது. பூக்கும் தாவரங்களில் இதுவே பொதுநெறி, நெல்லும் விலக்கன்று. இங்குத் தூதின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பது படியெடுப்பே. மரபணு முன்னியக்கியிலுள்ள குறுந்தொடர்கள் அதனை இரட்டிப்புக் காலத்தோடு இணைக்கின்றன.

முடிவுரை

‘ஹிஸ்டோன் தூதுக்கு வால் இல்லை’ என்பதைப் பொதுவிதியாகக் கற்பிப்பது பொருந்தாது. பாலி-ஏ வாலைக் கொண்டு தூதுகளைப் பிரித்தெடுக்கும் முறை விலங்குத் திசுவில் இவற்றைப் பெரிதும் தவறவிடும். நெல் நாற்றில் பிடிக்கும். ஆகவே இவ்விரு தரவுகளையும் நேராக ஒப்பிடுவோர் முறையின் விளைவை உயிரியல் வேறுபாடாகக் கொள்ள நேரிடும்.