டவுன் சென்டர் தூங்கக் கூடாது: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் ஜெயிக்கிற கணக்கு

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடினா ஈஸியா ஜெயிச்சிடறேன். ஆன்லைன்ல மனுஷங்களோட ஆடினா இருபது நிமிஷத்துல காலி. எங்க தப்பு பண்றேன்?" இதுக்குப் பதில் சொல்ல எனக்கு நல்ல தகுதி இருக்கு. ஏன்னா, என் சித்தப்பா பையன்கிட்ட ஆறு வருஷமா தோத்துக்கிட்டே இருந்தவன் நான்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தது 1999-ல. எங்க ஊர் பிரவுசிங் சென்டர்ல அவனுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அப்போ எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே 'வியூகம்' சீட் கோடுதான். 'ஹவ் டு யூ டர்ன் திஸ் ஆன்' என்று அடித்தால், வில்லும் அம்பும் இருக்கிற காலத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நிற்கும். அதை ஓட்டிக் கோட்டையை இடிப்போம். இப்போ அவன் ஷார்ஜாவுல வேலை பார்க்கிறான். 2019-ல டெஃபினிடிவ் எடிஷன் வந்த பிறகு சனிக்கிழமை ராத்திரி ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார ஆரம்பிச்சோம். ஒவ்வொரு தடவையும் என் ஊர் எரியும்போது அவன் 11 என்று டைப் பண்ணுவான். ஆடுறவங்களுக்குத் தெரியும், 11 அடிச்சா ஒரு ஆள் வயிறு குலுங்கச் சிரிப்பான். அப்புறம், "அண்ணே, போய்ப் படுங்க" என்பான்.

வாரத்துல நாங்க பேசிக்கிறதே அந்த நேரம்தான். தோத்துத் தோத்து அதுவும் கசந்துபோச்சு. ஆபீஸ்ல வேலை இருக்குன்னு பொய் சொல்லி ரெண்டு மாசம் தப்பிச்சேன். அவனுக்குப் புரிஞ்சிருக்கும் போல. ஒருநாள் மெசேஜ் வந்தது: "அண்ணே, கடைசியா ஆடின ஆட்டத்தோட ரீப்ளேயைப் போட்டுப் பாருங்க. என் பக்கம் பாக்காதீங்க. உங்க டவுன் சென்டரை மட்டும் பாருங்க."

ஒரு நோட்டோட உட்கார்ந்தேன். முதல் 15 நிமிஷத்துல என் டவுன் சென்டர் எதுவுமே செய்யாமல் சும்மா நின்ற நேரத்தை மட்டும் கூட்டினேன். 4 நிமிஷம் 10 நொடி. அதாவது 250 நொடி. இதெல்லாம் ஆட்டக் கடிகார நேரம், நம்ம கைக்கடிகாரத்தைவிட அது வேகமா ஓடும்.

250 நொடியில என்ன போயிடப் போகுதுன்னுதான் நானும் நினைச்சேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வில்லேஜரை உருவாக்க 25 நொடி ஆகும், 50 உணவு செலவாகும். அப்படின்னா 250 நொடியில எனக்கு வந்திருக்க வேண்டிய 10 பேர் வரவே இல்லை. ஒரு வில்லேஜர் ஆட்டுக்கறி எடுக்கும் வேகம், தோராயமா மூணு நொடிக்கு ஒரு உணவு. மரமும் தங்கமும் கொஞ்சம் கூடக்குறைய இதே அளவுதான். ஒரு ஆள் நிமிஷத்துக்கு 20 என்றால், 10 பேர் 200. இனி குதிரை மேல வர்ற நைட்டைப் பாருங்க. விலை 60 உணவு, 75 தங்கம், மொத்தம் 135. ரெண்டு பேரும் சமமா ஆடினாலும் அவன் பக்கம் ரெண்டு நிமிஷத்துக்கு மூணு நைட் கூடுதலா வந்துகிட்டே இருக்கும். இதுக்கு நான் என்ன வியூகம் வகுக்கிறது? ஆறு வருஷமா நான் சண்டையில தோக்கவே இல்லை. சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தோத்துட்டு, அப்புறம் போய்ச் சண்டை போட்டிருக்கேன்.

சரி, ஏன் சும்மா நிற்குது? ரீப்ளேயில பார்த்தப்போ பாதி நேரம் வீடு இல்லாததாலதான். ஆரம்பத்துல நம்மகிட்ட 3 வில்லேஜர், ஒரு ஸ்கவுட், ஆக 4 பேர். டவுன் சென்டர்ல 5 பேருக்குத்தான் இடம். ஒரே ஒரு வில்லேஜர் வந்ததும் ஊர் நிறைஞ்சு போகும். அதனாலதான் நல்லா ஆடுறவங்க முதல் நொடியிலேயே ரெண்டு பேரை வீடு கட்ட அனுப்பிடுவாங்க. ஒரு வீட்டுல 5 பேர் தங்கலாம். வில்லேஜர் மட்டும் தயாரிச்சாலே 125 நொடிக்கு ஒரு வீடு வேணும். 'ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு வீடு'ன்னு மானிட்டர் ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டி வெச்சேன். வீட்டுக்காரம்மா பார்த்துட்டு, "ரியல் எஸ்டேட் ஆரம்பிச்சுட்டீங்களா"ன்னு கேட்டாங்க.

மீதி நேரம் உணவு இல்லாம. கையிருப்புல இருக்கிற 200 உணவு 4 பேருக்குத்தான் வரும். அதுக்கப்புறம் டவுன் சென்டர் நொடிக்கு 2 உணவு, நிமிஷத்துக்கு 120 உணவு கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு ஆள் 20 கொண்டுவந்தால் 120-க்கு எத்தனை பேர்? ஆறு. 'முதல் ஆறு பேரை ஆட்டுக்கு அனுப்பு'ன்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்களே, அந்த ஆறு இங்கிருந்துதான் வருது. காரணம் தெரியாம மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன், அதனாலதான் ஆட்டம் கொஞ்சம் மாறினா தடுமாறினேன்.

ஆட்டை டவுன் சென்டர் அடியிலேயே, ஒண்ணு முடிஞ்ச பிறகு இன்னொண்ணுன்னு வெட்டணும். வெட்டிப் போட்ட கறி தன்னால கெட்டுக் குறைஞ்சுகிட்டே வரும். ஒரு ஆட்டுல 100 உணவு, ஒரு காட்டுப்பன்றியில 340. பன்றி லாபம்தான், ஆனா அது திருப்பி அடிக்கும். ஒரு ஆள் அம்பு விட்டு அதைச் சீண்டி, டவுன் சென்டர் வரை ஓடி இழுத்துக்கிட்டு வரணும். அங்கே ஆட்டு வேலையில இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து சாய்க்கணும். வில்லேஜரோட உயிர் 25 புள்ளிதான். லூம் ஆராய்ச்சி செஞ்சா 40. பன்றிகிட்ட ஆளைப் பறிகொடுத்த பழக்கம் உள்ளவங்க 50 தங்கத்தைப் பார்க்காம லூம் போட்டுடுங்க.

இதெல்லாம் தெரிஞ்சுகிட்டு அடுத்த சனிக்கிழமை ரொம்ப தெம்பா உட்கார்ந்தேன். வீடு சரி, ஆடு சரி, டவுன் சென்டர் நிக்கவே இல்லை. பத்தாவது நிமிஷம் தாண்டினதும் நாலு குதிரை ஸ்கவுட் வந்து மரம் வெட்டிக்கிட்டிருந்த ஏழு பேரைக் கொன்னுட்டுப் போச்சு. என்கிட்ட ஒரு ஈட்டிக்காரன்கூட இல்லை. மறுபடியும் 11.

ஆனா இந்தத் தடவை எரிச்சல் வரலை. அவன் செஞ்சதும் அதே கணக்குதானே? ஏழு வில்லேஜர் செத்தா 350 உணவு நஷ்டம், அதைவிடப் பெரிசு 175 நொடி நஷ்டம். என் டவுன் சென்டர் சும்மா நிக்கலைன்னா, நின்ன மாதிரி அவன் ஆக்கிட்டான். கைதேர்ந்தவங்க கோட்டையை விட்டுட்டு மரம் வெட்டுறவனைத் தேடிப் போறது இதுக்காகத்தான். குதிரைக்கு மாற்று ஈட்டிக்காரன். விலை 35 உணவு, 25 மரம், தங்கமே வேண்டாம். மூணு பேர் மரவெட்டிகிட்ட நின்னாலே ஸ்கவுட் கிட்ட வர யோசிக்கும். அதே மாதிரி வில்லாளிக்கு மாற்று ஸ்கர்மிஷர், அதுக்கும் தங்கம் தேவையில்லை. தங்கச் சுரங்கம் எல்லாம் தீர்ந்துபோற கடைசிக் கட்டத்துல இந்த மலிவான படைகள்தான் ஆட்டத்தை முடிக்கும். அதுக்கு முன்னாடி ரெலிக் சேர்த்து மடத்துல வெச்சவன் கொடுத்து வெச்சவன், ஒரு ரெலிக்குக்கு நிமிஷம் 30 தங்கம் தானா வரும்.

காசில் ஏஜுக்குப் போனதும் கூடுதல் டவுன் சென்டர் கட்டலாம், ஒண்ணுக்கு 275 மரம், 100 கல். ஆரம்பத்துல தர்ற 200 கல்லை நீங்க தொடாம இருந்தா சரியா ரெண்டுக்கு வரும். ஆனா மூணு டவுன் சென்டர் ஓடினா நிமிஷத்துக்கு 360 உணவு வேணும். அந்த நேரத்துல ஆடு, பன்றி எல்லாம் தீர்ந்திருக்கும், பண்ணைதான் கதி. கிட்டத்தட்ட 20 பண்ணை, ஒண்ணுக்கு 60 மரம், ஆக 1200 மரம். மரவெட்டிகளை முன்கூட்டியே சேர்க்காதவன் மூணு டவுன் சென்டரையும் சும்மா நிறுத்தி வெச்சு வேடிக்கை பார்ப்பான். நான் பார்த்திருக்கேன்.

வொண்டர் கட்டி ஜெயிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். மரம், கல், தங்கம் தலா 1000 கொட்டிக் கட்டி, 200 வருஷக் கவுண்ட்டவுன் முடியும்வரை காப்பாத்தணும். அவ்வளவு சேர்த்து வெச்சிருக்கிற ஆள், அந்த நேரத்துக்குப் படையாலயே ஜெயிச்சிடலாம்.

எந்த நாகரிகத்தை எடுக்கிறதுன்னும் கேட்டிருந்தீங்க. 2022-ல 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தப்போ திராவிடர்கள் சேர்ந்தாங்க, கூடவே ராஜேந்திர சோழன் கேம்பெயினும். வில்லேஜரைக் கிளிக் பண்ணினா தமிழ்ல பதில் சொல்றான், முதல் தடவை கேட்டப்போ எனக்குப் புல்லரிச்சுது. ஆனா பாசத்துக்காக எடுத்தா மாட்டிக்குவீங்க. நைட் கிடையாது. காலாட்படையும் கப்பலும்தான் பலம். ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் இனாமா வரும். நான் இப்போ சொன்ன பண்ணைக் கணக்குல அந்த 200 மரம் எவ்வளவு உதவும்னு நீங்களே பாருங்க.

நான் முதல் தடவையா ஜெயிச்சது மூணு மாசம் கழிச்சு. பெரிய போரெல்லாம் இல்லை. முப்பதாவது நிமிஷத்துல அவன்கிட்ட தங்கம் இல்லை, என்கிட்ட இருந்தது, அவ்வளவுதான். 11 அடிக்கக் கை போச்சு, அடிக்கலை. அவனே ஃபோன் பண்ணினான். அரை மணி நேரம் பேசினோம், அதுல ஆட்டத்தைப் பத்தி ரெண்டு நிமிஷம் இருக்கும். மீதியெல்லாம் சித்தியோட முழங்கால் ஆபரேஷன்.

இந்த வாரம் ஒரு பயிற்சி. கம்ப்யூட்டரோட ஆடுங்க. படை வேண்டாம், ஃபியூடல் ஏஜுக்கும் போக வேண்டாம். கடிகாரம் 10 நிமிஷம் காட்டினதும் நிறுத்தி வில்லேஜரை எண்ணுங்க. ஒரு நொடிகூட வீணாகாம ஆடினா 27 இருக்கணும், லூம் போட்டிருந்தா 26. வந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்க. போன வாரம் எனக்கு 24. ஷார்ஜாக்காரனுக்கு 26, லூமோட.