இல்லத்து நந்தவனமும் நால்வகை மலர்களும்

திருப்புகலூரில் அவதரித்த முருக நாயனார், மலர்த்தொண்டு ஒன்றினாலேயே அறுபத்து மூவருள் ஒருவராகத் திகழ்பவர். பொழுது புலருமுன் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து, மாலைகளாகத் தொடுத்து, வர்த்தமானீச்சரத்து இறைவருக்குச் சாத்தி வழிபட்டார் என்பது பெரியபுராணம் காட்டும் வரலாறு. அந்த நால்வகைப் பகுப்பு, இன்று வீட்டில் பூச்செடி வைக்க விரும்புவோருக்கும் நல்ல வழிகாட்டியாகும்.

முதுமையில் மலர்க் கைங்கர்யம் தடைப்படுவது பக்தி குறைவதால் அன்று, முழங்கால் ஒத்துழைக்காததால்தான். பருவந்தோறும் விதைத்து, நாற்று நட்டு, குனிந்து களையெடுப்பது எல்லோராலும் இயல்வதன்று. ஆகவே, ஒரு பருவத்தோடு முடியும் செண்டுமல்லி போன்றவற்றைக் குறைத்து, ஒருமுறை நட்டால் பல்லாண்டு பூக்கும் செடிகளைத் தேர்ந்தெடுப்பதே தக்கது.

கோட்டுப்பூ என்பது கிளையில் மலர்வது. நந்தியாவட்டை ஓரளவு நிழலிலும் ஆண்டு முழுவதும் பூக்கும். செம்பருத்திக்கு நல்ல வெயில் வேண்டும். மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். இவ்விரண்டையும் அவ்வப்போது கவாத்து செய்து மார்பளவிலேயே நிறுத்தினால், அண்ணாந்து பறிக்க வேண்டியதில்லை. பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். உதிர்ந்த பூவையும் பூஜைக்கு ஏற்பது இதற்குரிய தனிச்சிறப்பு. மாலையிலேயே மரத்தடியில் தூய துணியை விரித்து வைத்தால், காலையில் குனிந்து பொறுக்கும் சிரமம் குறையும்.

கொடிப்பூக்களில் முல்லையும் சங்குப்பூவும் எளியவை. முல்லைக்குத் தை மாத நடுவில் கவாத்து செய்வது நன்று. பந்தலை உயரே போடாமல், கைக்கெட்டும் வேலியில் படரவிடலாம். சங்குப்பூ விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும்.

நிலத்தையொட்டி வளர்வனவற்றில் துளசி முதன்மையானது. கதிர்களை அவ்வப்போது கிள்ளிவந்தால் செடி தழைத்து, நெடுநாள் நிற்கும். மழைக்காலத்தில் தானே முளைக்கும் தும்பையைக் களையென்று பிடுங்காமல் விட்டால், சிவபூஜைக்கு அதுவே உதவும்.

நீர்ப்பூவுக்குக் குளம் வேண்டுமென்பதில்லை. அகன்ற தொட்டியில் களிமண் இட்டு, வெயில் படும் இடத்தில் வைத்தால் அல்லியும் தாமரையும் வளரும். கொசு பெருகாதிருக்கச் சில கப்பி மீன்களை விடுவது அவசியம்.

அரளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வறட்சியைத் தாங்கி எப்போதும் பூப்பதால் பலரும் அதை விரும்புகின்றனர். ஆனால் வேர் முதல் பூ வரை அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. பேரக்குழந்தைகளும் கன்றுகாலிகளும் நடமாடும் இடத்தில் அதைத் தவிர்ப்பதே நலம். பறித்தவர் கைகளை நன்கு கழுவ வேண்டும்.

வில்வம் பெருமரமாகும், முள்ளும் உடையது. சுவரையும் நடைபாதையையும் விட்டு விலகியே அதை நட வேண்டும். செடிகளுக்கிடையே மூன்றடி அகலத்தில் வழுக்காத நடைவழி விட்டால், கைத்தடியுடனும் சென்று வரலாம். இடமில்லாதோர் இடுப்பளவுத் திண்ணையில் தொட்டிகளை வரிசையாக வைக்கலாம். நடுவதற்கு மழை தொடங்கும் காலமே ஏற்றது. தொழுவுரமிட்ட குழியில் நந்தியாவட்டைப் போத்து எளிதில் வேர்பிடிக்கும்.

நான்கும் ஒருங்கே அமைய வேண்டுமென்பதில்லை. ஒரு நந்தியாவட்டையும் ஒரு துளசியும் இருந்தாலே, கடைக்குச் செல்ல இயலாத நாளிலும் பூஜையறையில் அன்றலர்ந்த மலர் இருக்கும். நட்டவர் நடை தளர்ந்த பின்னும் செடி பூத்துக்கொண்டே இருக்கும்; பறித்துச் சாத்தப் பிள்ளைகளின் கை ஒன்றிருந்தால் அந்தக் கைங்கர்யம் தொடரும்.