அலுமினிய பீர் பாட்டில்: உடையாது, உள்ளே தெரியவும் தெரியாது

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2004-ல் ‘அயர்ன் சிட்டி’ பீர் அலுமினிய பாட்டிலில் விற்பனைக்கு வந்தது. உள்ளூர் பீர் ஆலையும் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனமும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. கண்ணாடி பாட்டிலை அனுமதிக்காத விளையாட்டு அரங்குகளுக்கு இந்த வகை தோதாக அமைந்தது. கீழே விழுந்தால் நெளியுமே தவிர நொறுங்காது, எடை குறைவு, சீக்கிரம் குளிரும். அதற்காக ஆபத்தே இல்லாத பாட்டில் என்று எண்ணிவிட வேண்டாம்.

கண்ணாடியில் கவனிக்க வேண்டியவை

பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு பாட்டிலை உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். வெயிலில் சூடேறினால் அழுத்தமும் ஏறும். நம் நாட்டில் காலி பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்புவது வழக்கம். ஒன்றோடொன்று உரசி உரசி, பாட்டிலின் தோளிலும் அடியிலும் வெள்ளையாக ஒரு தேய்மான வளையம் விழும். அது பட்டையாக இருந்தாலோ, வாய்ப்பகுதியில் சில்லு பெயர்ந்திருந்தாலோ, வேறு பாட்டில் கேட்டு வாங்குங்கள்.

காட்டோரம் வீசப்படும் பாட்டில் உடைந்து யானைகளின் காலைப் பதம் பார்ப்பது தனிக் கவலை. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பேரில், 2022 முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. அந்த 10 ரூபாய் உங்கள் பணம்; கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

அலுமினியத்தில் மறைந்திருப்பவை

வெளிச்சம் பட்டால் பீரில் கெட்ட வாடை ஏறும். அலுமினியம் வெளிச்சத்தை அறவே தடுத்துவிடும். ஆனால் பீரின் அமிலம் உலோகத்தை அரிக்காதிருக்க, உட்புறத்தில் மெல்லிய பூச்சு பூச வேண்டும். இத்தகைய பூச்சுகள் பலவற்றில் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருள் பயன்பட்டு வந்திருக்கிறது. இதை ஒருவர் தினமும் எவ்வளவு உட்கொள்ளலாம் என்ற வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் 20,000 மடங்கு குறைத்தது. உணவைத் தொடும் பொருட்களில் அதற்குத் தடை விதிக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் கொண்டுவந்தது. மாறிக்கொள்ள நிறுவனங்களுக்கு அவகாசமும் தந்தது.

ஆழமாக நசுங்கிய பாட்டிலும், அடி உப்பியதும் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பீர் உறைந்து விரிந்து, அலுமினியமும் பிளக்கும். காலியானதைப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதைவிட, பழையதை உருக்க ஏறக்குறைய 95 சதவீதம் குறைந்த ஆற்றலே போதும்.

நண்பர் வாங்கித் தந்தாலும் உரிமை உண்டு

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத பாட்டில்தான் நுகர்வோர் சட்டத்துக்கே ஒரு திருப்புமுனை. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் 1928-ல் தோழி வாங்கித் தந்த இஞ்சி பீரை மே டோனகூ என்ற பெண் குடித்தார். கருநிற பாட்டிலிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாக அவர் வழக்குத் தொடுத்தார். பணம் கொடுத்தவர் அவரில்லை என்றாலும், குடிப்பவர் மீது தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு என்று 1932-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ம், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரை நுகர்வோராகவே ஏற்கிறது.

பாதிக்கப்பட்டால் செய்ய வேண்டியவை

• பாட்டில் வெடித்துக் காயம் பட்டால் உடனே மருத்துவமனை செல்லுங்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

• உடைந்த துண்டுகள், மூடி, லேபிள், பில் எதையும் எறியாதீர்கள். தொகுதி எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் படம் எடுத்து வையுங்கள்.

• பாட்டிலுக்குள் ஏதேனும் கிடப்பதாகச் சந்தேகம் வந்தால் திறக்காதீர்கள். சீல் உடையாமல் இருந்தால்தான் ஆய்வக முடிவு நிற்கும்.

• முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

• சம்பவம் நடந்த 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். அதற்குப் பிறகு போனால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால்தான் ஏற்பார்கள்.