பாதம் சுடாத மணல்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் கடற்கரையில் இளைப்பாறச் சென்றாலும், அங்கே ஒரு பாடத்தைத் தேடாமல் இருக்கமாட்டான். என் மகனின் வற்புறுத்தலால் குடும்பத்தோடு மாலத்தீவில் ஒரு வாரம் தங்கினேன். தென்னை நிழலில் சாய்வு நாற்காலியிட்டு, கொண்டுசென்ற நூலைப் பிரிக்காமலே இரண்டு நாட்கள் கழித்தேன். மூன்றாம் நாள் நண்பகலில், செருப்பை மறந்து மணலில் இறங்கிவிட்டேன். சென்னை மெரினாவில் அவ்வேளையில் அப்படி நடந்தால் பாதம் பொறுக்காது. இங்கோ மணல் சுடவில்லை.

மெரினாவின் மணல், பாறைகள் பொடிந்து ஆறுகளாலும் அலைகளாலும் வந்து சேர்ந்தது. மாலத்தீவில் ஆறும் இல்லை; மலையும் இல்லை. அப்படியாயின் இத்துணை மணல் எங்கிருந்து வந்தது? உணவுச்சாலையில் ஓர் எலுமிச்சைத் துண்டை வாங்கிவந்து, ஒரு சிட்டிகை மணலின் மேல் பிழிந்தேன். சிறு குமிழிகள் எழுந்தன. அமிலம் பட்டு நுரைக்கும் அப்பொருள் சுண்ணாம்பேயாகும். அதன் வெண்மை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால்தான் கால் சுடவில்லை.

கடல்நீரிலிருந்து இச்சுண்ணாம்பைப் பிரித்துக் கூடு கட்டுபவை பவளப்பூச்சிகள். பூச்சி என்பது வழக்குச் சொல்லே. உண்மையில் அவை சொறிமீனுக்கு உறவான சிற்றுயிர்கள். எரிமலைத் தீவைச் சுற்றி அவை எழுப்பும் மதில், தீவு மெல்ல அமிழ்ந்து மறைந்த பின்னும் மேல்நோக்கி வளர்ந்து, வளையமாக எஞ்சும் என்று டார்வின் 1842இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 1952இல் பசிபிக் கடலின் எனிவிட்டோக் என்னுமிடத்தில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் மிகுந்த சுண்ணாம்புக்கு அடியில் எரிமலைப் பாறை தென்பட்டது. இத்தகைய வளையத்திற்கு உலகம் வழங்கும் 'அட்டோல்' என்னும் பெயர், மாலத்தீவாரின் திவேகி மொழி தந்தது.

கல்லைப் பொடியாக்குவது யார்? அலை என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பெரும்பங்கு கிளிமீனுடையது! கிளியின் அலகு போன்ற பற்களால் அது பவளக் கல்லின் மேற்பரப்பைப் பாசியோடு சுரண்டி விழுங்குகிறது. தொண்டையிலுள்ள மற்றொரு பல்வரிசை அதனை அரைக்கிறது. பாசி உணவாகிறது, சுண்ணாம்புத் தூள் கழிவாக வெளியேறுகிறது. வக்காரு என்ற மாலத்தீவுத் தீவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன் தந்தது என்று கணக்கிட்டது. விருந்தினர் காசு கொடுத்துப் படுத்துறங்கும் மெத்தை எதனால் ஆனது என்பதை என் மருமகளிடம் சொன்னபோது, அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

இந்த மணலும் ஓரிடத்தில் நிற்பதன்று. தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு புறம் குவிவது, வடகிழக்குக் காற்றில் மறுபுறம் நகர்கிறது. விடுதியின் முகப்பு அழகுக்காகக் குறுக்கே சுவர் எழுப்பினால், ஓரிடம் பெருத்து வேறோரிடம் தேய்கிறது. கடலிலிருந்து சராசரி ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள நாட்டில் இது சிறு செய்தியன்று.

அதனினும் பெரிய கவலை வேறு. பவளப்பூச்சியின் உடலில் நுண்பாசிகள் குடியிருந்து அதற்கு உணவளிக்கின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் அவை நீங்கிவிடப் பவளம் வெளுக்கிறது. சூடு நீடித்தால் இறக்கிறது. 1998இல் மாலத்தீவின் ஆழமற்ற கடலில் பெரும்பாலான பவளங்கள் இவ்வாறு மாண்டன. பல ஆண்டுகளில் மெல்லத் தேறியவற்றை 2016இன் வெப்பம் மீண்டும் தாக்கியது. இறந்த பவளத்தையும் கிளிமீன் அரைக்கும். ஆகவே மணல் உடனே நின்றுபோவதில்லை. ஆனால் திரிகை சுழன்றுகொண்டே இருக்க, குதிரில் தானியம் குறைந்து வருகிறது.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, என் பேரன் கண்ணாடி அணிந்து நீருக்குள் முகத்தை அமிழ்த்தியிருந்தான். தலை நிமிர்ந்ததும், "தாத்தா, மீன் கல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கிறது!" என்று கூவினான். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினேன்.